கார் சூடாகும் வரை

ஆனந்தராசாவுக்கு ஆனந்தம் பெயரில் மட்டும்தான். மற்றபடி மனிதர் பிறவிப் பதகளி. பத்து நிமிடத்தில் பஸ் வருமென்றால் அரை மணி நேரம் முன்னதாகவே தரிப்பிடத்தில் நிற்பார். வந்த பஸ் சரியான பஸ்தானா என்று ஏறிய பிறகும் இரண்டு பேரிடம் கேட்பார். அடுப்பை அணைத்தாயா என்று மனைவியைக் கேட்டு, அவள் ஓம் என்று சொன்ன பிறகும், தெருவிலிருந்து மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மட்டக்களப்பிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் அந்தக் குணம் குளிரில் விறைத்துச் சாகவில்லை. அவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்திய கிளி அதையெல்லாம் பெரிதாக எடுப்பதில்லை. "இந்த மனிசன் எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பயப்பிடுறார். எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் இருப்பாள்.

ஆனால் தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவர் பட்ட பயத்தில் நியாயம் இருந்தது. கிளிக்குப் பித்தப்பையில் கல். ஒன்றரை வருடமாகச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒருமுறை நாள் கிடைத்தது. வெறும் வயிற்றோடு போய், ஆஸ்பத்திரி உடுப்பையும் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்த பிறகு, அவசரக் கேஸ்கள் வந்துவிட்டன, இன்றைக்கு இடமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தாதிமார் போதாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனந்தராசா வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னார். அன்றைக்கு அவர்கள் வாசல் தாண்டியது ராகுகாலத்தில்.

அதற்குப் பிறகு மார்கழியில் ஒருநாள் கிளி குசினித் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவ்வளவு வலியிலும் "சோத்தை இறக்கி வையுங்க, அடிப்பிடிக்கப் போகுது" என்றாள். அந்தக் காட்சி ஆனந்தராசாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்த முறையும் தவறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குத்தான். அதுவரை அந்தக் கல் சும்மா இருக்குமா? எப்படியாவது அவளை நேரத்துக்கு, நல்ல நேரத்தில், கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

சோதனையாக, இரண்டாவது நாளும் திங்கட்கிழமையாகவே அமைந்தது. திங்களில் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும். மகள் கௌசி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கணவனோடு இருக்கிறாள். அவள் தொலைபேசியில் விளக்கினாள்.

"அப்பா, ராகுகாலம் சூரியன் உதிக்கிறதை வச்சுக் கணக்குப் பாக்கிறது. உங்கட கலண்டர் மட்டக்களப்பில அடிச்சது. இஞ்ச மாரியில வேற நேரம்."

"சூரியன் எங்க உதிச்சாலும் திங்கட்கிழமை திங்கட்கிழமைதான்" என்றார் ஆனந்தராசா. அதற்கு மேல் அவரோடு யார் கதைப்பது?

கிளி இதில் தலையிடவில்லை. அவள் பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். ஞானஸ்நானப் பெயர் கிளாறா. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை போட்டிருப்பாள். "ராகு உங்கட ஆள். எனக்கு அவரோட பழக்கமில்ல" என்று சிரிப்பாள். ஆனால் அவர் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடுவாள். அவருடைய நெஞ்சு படபடப்பதைப் பார்ப்பதைவிடச் சொன்னபடி செய்வது சுலபம் என்பது அவள் முப்பது வருடத்தில் கண்ட முடிவு.

ஊரில் இதற்கு ஒரு வழி இருந்தது. கூடாத நேரம் தொடங்குமுன் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் போய் இருந்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆறுதலாகப் போகலாம். ஆனால் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. அவர்கள் இருக்கும் மொன்ட்ரியால்-நோரில் விடியற்காலை யாருடைய வீட்டில் போய் இருப்பது? ஆனந்தராசா யோசித்தார். பக்கத்து வீட்டுக்குப் பதில் கார். ஏழேகாலுக்குக் கிளியைக் காரில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமையே ஆயத்தம் தொடங்கிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி முதல் அசைவிலேயே பின்னுக்குப் போகக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஆகவே கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒடுங்கிய பாதையில் காரைப் பின்பக்கமாகவே உள்ளே விட்டு, முகம் தெருவைப் பார்க்க நிறுத்தினார். காரின் வால், பாதையின் அந்தத்தில் மாரி முழுவதும் குவிந்து கிடந்த பனிமேட்டில் போய் முட்டியது. இரவு குளிர் கடுமையாக இருக்கும் என்றதால் பட்டரியைக் கழற்றிப் பழைய சாரமொன்றில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய தேசிக்காய் இரண்டையும் வெளியே விடவில்லை. விறைத்துக் கல்லாகிவிட்டால் டயரில் நசியாது. நசியாவிட்டால் அது வேறு அபசகுனம்.

இரவு முழுவதும் பனி கொட்டியது. விடிய அவர் இறங்கிப் போனபோது குளிர் சைபருக்குக் கீழே இருபத்தேழு. மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. பட்டரியைப் பூட்டி, முருகா என்று சாவியைத் திருப்பினார். கார் இருமியது. இரண்டாம் தரமும் இருமியது. மூன்றாம் தரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனந்தராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிக் கண்டம் கழிந்தது என்று நினைத்தார்.

ஹீட்டரைக் கூட்டிவிட்டு, தும்புத்தடியால் காரின் மேலிருந்த பனியைத் தட்டத் தொடங்கினார். முன்கண்ணாடியில் ஒரு பொட்டு இருக்கவிடவில்லை. மேற்கூரைப் பனியை முன்னுக்கு இழுத்தால் மறுபடி கண்ணாடியில் விழும் என்று எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினார். கிளி ஏறும் கதவு வரைக்கும் ஒற்றையடிப் பாதை வெட்டினார். முன் டயர்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். காரின் தலைக்கு இத்தனை உபசாரம் செய்த மனிதர் வால் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பழைய பனிமேடும், இரவு விழுந்ததும், அவரே தள்ளிவிட்டதும் சேர்ந்து அங்கே இலக்கத்தகடு வரைக்கும் பனி. புகைக்குழாய் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆனால் பின்னுக்குப் போகிற பயணமா இது? அங்கே என்ன வேலை?

ஏழேகாலுக்குக் கிளியை இறக்கிக்கொண்டு வந்தார். கனத்த கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் சின்னப் பை. முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முகம் சற்று வாடியிருந்தது. வலது காலை முதலில் வைக்கச் சொல்லி ஏற்றினார். பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டார்.

"இப்ப வெளிக்கிட்டாச்சு. இனி இறங்கக்கூடாது, கிளி. கால் நிலத்தில பட்டா எல்லாம் வீண்."

"சரி."

"கதவையும் திறக்காத. சூடு போயிடும்."

"ஒண்டுக்கு வந்தா?"

"அதுக்குத்தானே முதலே போகச் சொன்னனான்."

"போயிட்டுத்தான் வந்தனான். சும்மா கேட்டுப் பாத்தன்" என்றாள் கிளி. கதவைச் சாத்தினார். ஏழரைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனந்தராசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

இறங்கிய பாரம் தெருவாசலில் காத்துக்கொண்டு நின்றது. இரவு பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகிறபோது, பாதையின் வாயில் தொடையளவு உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போயிருந்தது. மேலே மெத்தை, உள்ளே கல். கார் அதைத் தாண்டாது. ஆனந்தராசா பனி வாரும் சவளை எடுத்து வெட்டத் தொடங்கினார். எட்டு மணிக்குள் வெட்டி முடித்தால் எட்டரைக்கு ஆஸ்பத்திரி. நேரம் தாராளம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்ட உடனேயே பயம் வந்தது.

பத்து வாரல் வாரியிருப்பார். பொக்கற்றில் போன் அடித்தது. காருக்குள்ளிருந்து கிளி.

"இஞ்ச நல்ல சூடு. உங்கட ஆள் வந்திட்டாரா?"

"ஆரு?"

"ராகு."

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு" என்றார். திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கையசைத்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி குனிந்து வெட்டினார். வியர்வை உள்ளே ஓடியது. வெளியே காது எரிந்தது. வரம்பில் பாதி போனது.

இரண்டாம் தரம் போன் வந்தபோது குரலில் அந்த விளையாட்டு இல்லை.

"இஞ்சருங்க, தலை இடிக்குது."

"நேற்றிலிருந்து வெறும் வயிறுதானே. அதுதான்."

"வயித்தையும் பிரட்டுது. கொஞ்சம் இறங்கி வெளியில நிண்டு காத்து எடுக்கட்டா?"

ஆனந்தராசா நேரத்தைப் பார்த்தார். எட்டு மணியாகப் போகிறது. ராகு நடு வீட்டில் இருக்கிற நேரம். இப்போது அவள் காலை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்ப ஏறினால் அது ராகுகாலத்தில் தொடங்கிய பயணம். கார்த்திகையில் நடந்தது மறுபடி நடக்கும். உடுப்பை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, இன்றைக்கு இல்லை என்பார்கள். குசினித் தரையில் அவள் சுருண்டு கிடந்தது கண்ணுக்குள் வந்தது.

"வேணாம், கிளி. இன்னும் கொஞ்சம்தான். வெட்டி முடிஞ்சுது. கண்ணை மூடிக்கொண்டு இரு, சரியாகிடும்."

"சரி. நீங்க பதறாதீங்க" என்றாள்.

அவள் போனை வைத்தாளோ இல்லையோ, தெருமுனையில் மஞ்சள் விளக்குச் சுழன்றது. பனி தள்ளும் வண்டி இரண்டாம் தரம் வந்தது. ஆனந்தராசா சவளை உயர்த்தி ஆட்டினார்; தெரிந்த பிரெஞ்சையும் தெரியாத பிரெஞ்சையும் சேர்த்துக் கத்தினார். ஓட்டுநருக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் அவனுக்கு முழுத் தெருவும் பாக்கி. வண்டி அவரைக் கடந்து போனது. வெட்டிய இடமெல்லாம் பழையபடி நிரம்பிவிட்டது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே முழம் முழமாகவே சறுக்கியது. அவருக்குப் பனிக்குள் உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கௌசி கூப்பிட்டாள்.

"அப்பா, வெளிக்கிட்டிட்டீங்களா?"

"வெளிக்கிட்டாச்சு. ஆனா இன்னும் போகேல்ல."

"அப்பிடியெண்டா?"

சொன்னார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நான் டாக்சி அனுப்புறன். றோட்டில வந்து நிக்கும். அம்மா நடந்து வந்து ஏறட்டும்."

"டாக்சியில மாறி ஏறுறதெண்டா கால் நிலத்தில படும், பிள்ளை."

"அப்பா!"

"அஞ்சு நிமிசம். நான் கூப்பிடுறன்" என்று வைத்துவிட்டு வெறிபிடித்தவர்போல் வெட்டினார். பயந்தவனுக்கு எவ்வளவு பலம் வரும் என்று பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும். இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கிளி தலையைப் பக்கக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நித்திரையாகிவிட்டாள், பாவம். இரவெல்லாம் புரண்டுகொண்டுதானே கிடந்தாள். கொஞ்ச நேரம் நித்திரை கொள்ளட்டும். தலையிடியும் போய்விடும். அப்படித்தான் அவர் நினைத்தார்.

எதிர்வீட்டு மதாம் ரோஸ் வெளியே வந்தாள். ஹெய்ட்டிக்காரி, முதியோர் இல்லமொன்றில் வேலை. படியில் நின்றபடியே கையிலிருந்த ரிமோட்டை அழுத்த, தெருவோரம் நின்ற அவளுடைய கார் கிளம்பியது. "பொன்ஜூர், மிஸியூ ஆனந்த்" என்றாள். அவரும் நிமிர்ந்து பொன்ஜூர் சொன்னார். இடுப்பு விட்டுப்போனது. சவளில் சாய்ந்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அவளுடைய காரைப் பார்த்தார். அதன் பின்னால் வெள்ளைப் புகை பொங்கி எழுந்து, குளிரில் கலையாமல் நின்றது. அதற்கு அங்கால் இன்னொரு காரின் பின்னாலும் புகை. தெருவில் சூடாகிக்கொண்டு நின்ற வண்டிகளுக்கெல்லாம் பின்னால் அந்த வெள்ளைப் புகை. இந்தக் குளிரில் ஓடுகிற எந்த எஞ்சினாலும் அதை மறைக்க முடியாது.

தன்னுடைய காரைப் பார்த்தார். பின்னால் புகையில்லை.

கார் நின்றுவிட்டது. அதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பட்டரி செத்திருக்கும். இனி மூன்று தரமல்ல, முப்பது தரம் இருமினாலும் கிளம்பாது. ஆஸ்பத்திரி போய்விட்டது, நாள் போய்விட்டது, கிளி அங்கே குளிருக்குள் நித்திரை கொள்கிறாள். சவளை எறிந்துவிட்டு ஓடினார். வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து, எழும்பி, காரின் முன்தகட்டில் கையை வைத்தார்.

கையின் கீழே அது நடுங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நிற்கவில்லை, முருகா, நிற்கவில்லை. அடுத்த கணம் அந்த நிம்மதியே அவரைக் கேள்வி கேட்டது. ஓடுகிறதென்றால் புகை எங்கே போகிறது? வாலைப் பார்த்தார். தானே தள்ளிக் குவித்த பனி. குனிந்து அடியில் பார்த்தார். தெருவில் கொட்டும் உப்புத் தின்ற பழைய இரும்புக்கு அடியிலிருந்து மெல்லிய புகை கசிந்து, போக வழியில்லாமல், காரின் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றது.

கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே சூடாக இருந்தது; ஒரு மணமும் இல்லை. சாய்ந்திருந்த கண்ணாடி கதவோடு விலக, கிளியின் தலை வெளியே தொங்கியது. பெல்ட் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

"கிளி. கிளி. இஞ்ச பார்."

கன்னத்தில் தட்டினார். இமை பாதி திறந்தது. கண் அவரில் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்ற விரல் வரவில்லை. பல்லால் கையுறையை இழுத்துத் துப்பிவிட்டுக் கழற்றினார். கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். அவள் வரவில்லை. கால் இரண்டையும் உள்ளே மடக்கி இழுத்துக்கொண்டாள்.

"கால்..." என்றாள். நாக்குக் குழறியது. "கால் படக்கூடாதெல்லோ."

"படட்டும், கிளி. படட்டும். இறங்கு, என்ர அம்மா."

அவள் இறங்கவில்லை. அவர்தான் அவளைக் கட்டிப்பிடித்து அப்படியே பின்னுக்குச் சரிந்தார். இருவரும் ஒன்றாய்ப் பனியில் விழுந்தார்கள். அவள் அவருடைய நெஞ்சின் மேல் கிடந்து வாந்தியெடுத்தாள். வெறும் வயிற்றில் என்ன வரும், பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஆனந்தராசா கத்தினார். தமிழில் கத்தினாரா பிரெஞ்சில் கத்தினாரா என்று அவருக்கே தெரியாது. மதாம் ரோஸ் வரம்பின் மேல் ஏறிக் குதித்து வந்தாள். வந்தவள் காரின் வாலை ஒரு பார்வை பார்த்தாள், கிளியை ஒரு பார்வை பார்த்தாள், எஞ்சினை நிறுத்தினாள். "மொனோக்சீட்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். அந்தச் சொல்லுக்கு அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. காருக்குள் புகை அடைத்து ஆட்கள் செத்தார்கள் என்று ஒவ்வொரு மாரியும் செய்தியில் கேட்கிற சொல்தான். கேட்டபோதெல்லாம், கவனமில்லாத சனங்கள் என்று தலையாட்டியவர்தான் அவர்.

அம்புலன்ஸ் வந்தது. நால்வராய்க் கிளியைத் தூக்கி அந்த வரம்புக்கு மேலாகவே கொண்டுபோனார்கள். முகத்தில் ஒட்சிசன் மூடி. ஆனந்தராசா கூடவே ஏறினார். எந்தக் காலை முதலில் வைத்தார், அப்போது மணி என்ன, அவருக்குத் தெரியாது. முன் டயருக்கடியில் தேசிக்காய் நசியாமல் கிடந்தது.

வழியெல்லாம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பயங்களைக் கற்பனை செய்து வைத்திருந்தவர். கார் கிளம்பாது என்று பயந்தார், பனிக்குப் பயந்தார், கலண்டருக்குப் பயந்தார். வந்தது அவர் பயந்தவற்றில் ஒன்றல்ல. அவரே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகினால்கூடப் பரவாயில்லை. இது கிளியின் உயிர். அம்புலன்ஸ்காரி அவரிடம் ஏதோ கேட்டாள். எவ்வளவு நேரம் காருக்குள் இருந்தாள் என்று கேட்கிறாள் என விளங்கியது. ஏழேகாலிலிருந்து என்று தமிழில்தான் அவருக்கு வாய் வந்தது.

மத்தியானத்துக்கு மேல்தான் கிளி தெளிவாகக் கதைத்தாள். தப்பிவிட்டாள் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய இளம் டாக்டர், ஆனந்தராசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். இரத்தத்திலிருந்து அந்தப் புகை வெளியேற வேண்டும். இரவு இங்கேயே இருக்கட்டும். பித்தப்பைக்கு இனி வேறு நாள்தான். அதைக் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. காலையில் உலகத்திலேயே பெரிய விஷயமாக இருந்தது அது.

கௌசி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். தகப்பனைப் பார்க்காமல் தாயிடம் கேட்டாள்.

"அம்மா, தலை இடிச்சது, வயித்தைப் பிரட்டினது. உங்களுக்கு இந்த ராகு கேது ஒண்டிலயும் நம்பிக்கையும் இல்ல. கதவைத் திறந்து இறங்க வேண்டியதுதானே? ஏன் இருந்தனீங்க?"

கிளி மூடியை விலக்கினாள்.

"கதவில கை வச்சனான், பிள்ளை. அப்பா அங்க தனிய வெட்டிக்கொண்டு நிண்டார். நான் இறங்கினா அந்த மனிசன் ஆஸ்பத்திரி வரைக்கும் பதறிக்கொண்டு வருவார். அதுதான் இருந்தன். மறுகா இறங்குவமெண்டு பாத்தா கை எழும்பேல்ல."

சொல்லிவிட்டு மூடியைத் திரும்பவும் போட்டுக்கொண்டாள். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் ஆனந்தராசாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். கௌசி எழுந்து தேநீர் வாங்கப் போகிறேன் என்று வெளியே போனாள்.

அவர் கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்.

"கிளி."

"ம்."

"இனி எனக்குப் பயம் வரும் எண்டு பாக்காத. உனக்கு ஏலாட்டி, ஏலாது எண்டு சொல்லு."

கிளி மூடியை மறுபடி விலக்கினாள்.

"சொன்னனானே" என்றாள்.

ஓம், சொன்னாள். இறங்கி வெளியில் நிற்கட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றது யார்? ஆனந்தராசா முகத்தைக் கட்டில் விரிப்பில் புதைத்துக்கொண்டு அழுதார். கிளி அவருடைய தலையில் கையை வைத்திருந்தாள். "காணும், அழாதீங்க. சனம் பாக்குது" என்றாள் கடைசியில்.

மூன்றாவது நாள் மாசி முடிவில் கிடைத்தது. அதுவும் திங்கட்கிழமை, ஒன்பது மணி. கௌசி அதைக் கேட்டுத் தகப்பனுடைய முகத்தைப் பார்த்தாள். அவர் நல்லது என்று மட்டும் சொன்னார். இடையில் மெக்கானிக் றூபனிடம் போய்க் காரின் அடியில் உப்பரித்த குழாய்களை மாற்றிவிட்டிருந்தார்.

அன்றைக்கும் பனி விழுந்திருந்தது. ஆனந்தராசா முதலில் காரின் வாலைத்தான் தோண்டினார். இரண்டு ஆள் நின்று கதைக்கக்கூடிய அளவுக்குத் தோண்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை வந்தது. பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவாசலை வெட்டினார். எல்லாம் முடிந்த பிறகு மாடியேறிப் போய்க் கிளியைக் கூட்டி வந்தார்.

"மணி எட்டேகால். உங்கட ஆள் நிக்கிற நேரம்" என்றாள் கிளி.

"நிக்கட்டும். ஏறு."

தேசிக்காய் இல்லை. எந்தக் காலை வைத்து ஏறினாள் என்று அவர் பார்க்கவில்லை. ஆனால் பிறவிக்குணத்தைப் பொங்கலிட்டு அனுப்ப முடியுமா? கார் தெருவில் இறங்கியதும் அவளுடைய பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டார். காற்று உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். சைபருக்குக் கீழே பதினெட்டில் அந்தக் காற்றுச் சீறிக்கொண்டு வந்தது. கிளி தொப்பியைக் காதுவரை இழுத்தாள். கையைக் கோட்டுக்குள் விட்டாள். இரண்டு சிக்னல் தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனந்தராசா பக்கவாட்டில் பார்த்தார். அவளுடைய பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. பழைய கிளிதான், அவருடைய பயத்துக்காக விறைத்துக்கொண்டு வருகிறாள்.

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"குளிருதா?"

வாய் வரைக்கும் வந்த இல்லையை அவள் விழுங்குவது தெரிந்தது.

"ஓம், குளிருது" என்றாள் கிளி. "கண்ணாடியை ஏத்துங்க."

ஆனந்தராசா பொத்தானில் விரலை வைத்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறு என்றும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினார். கண்ணாடி ஏறி இடைவெளியில்லாமல் மூடும்வரைக்கும் விரலை எடுக்கவில்லை.